முகிலனுக்கு, புக்கிட் லாவாங் காட்டைப் பற்றி

பாளையங்கோட்டை,
ஞாயிறு காலை.

அன்புள்ள முகிலனுக்கு,

விடுமுறையில் நீயும் நிலாவும் இந்தோனேசியாவின் சுமத்ரா தீவுக்குச் சென்று, நானும் பெரியம்மாவும் தங்கிய அதே காட்டில் ஓர் இரவு தங்கலாமா என்று கேட்டிருந்தாய். கட்டாயம் போங்கள். ஆனால் ஒராங்குட்டான் என்னும் மனிதக் குரங்குகள் வாழும் அந்தக் காட்டுக்குள் யார் உங்களை அழைத்துச் செல்கிறார் என்பதில் நீங்கள் மிகுந்த கவனம் எடுத்துக்கொள்ள வேண்டும். தொலைபேசியில் பேசினால் பாதியிலேயே வேறு பேச்சுக்குப் போய்விடுவோம் என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மலேசியாவின் பினாங்கிலிருந்து சுமத்ராவின் மேடான் நகருக்கு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அங்கிருந்து புக்கிட் லாவாங் சுமார் 90 கிலோமீட்டர்தான் என்றாலும் சாலை மோசமாக இருந்ததால் காரில் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. வழியெங்கும் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களே கண்ணில் பட்டன. வேறு மரம் ஒன்று தென்படாதா என்று நான் ஏங்கத் தொடங்கிய பிறகுதான் பொஹோரோக் ஆறும், அதன் அக்கரையில் எழுந்து நிற்கும் குனுங் லெயுசர் தேசியப் பூங்காவும் தெரிந்தன. 2004-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த சுமத்ராவின் மழைக்காடுகளில் இதுவும் ஒன்று. காட்டை அழிப்பது நிற்காததால் 2011-இல் அதே அமைப்பு அவற்றை ஆபத்திலுள்ள இடங்களின் பட்டியலில் சேர்த்தது. வந்த வழியில் பார்த்த தோட்டங்களை நினைத்தபோது அதற்கான காரணம் எனக்கு விளங்கியது.

புறப்படுவதற்கு முந்தைய மாலை எங்கள் வழிகாட்டி விடுதிக்கு வந்தார். நாற்பது வயதைக் கடந்தவர், அந்த ஊரிலேயே பிறந்தவர். உங்களுக்குச் சளியோ இருமலோ இருக்கிறதா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. இருந்தால் பணத்தைத் திருப்பித் தருவேனே தவிர உள்ளே அழைத்துச் செல்ல மாட்டேன் என்றார். முப்பத்தைந்து ஆண்டுகள் மருத்துவமனை வார்டில் நின்ற எனக்கு அந்த ஒரு கேள்வியிலேயே அவர்மேல் மதிப்பு வந்துவிட்டது. ஒராங்குட்டானின் மரபணுவில் 97 விழுக்காடு நம்முடையதை ஒத்திருக்கிறது. அதனால் நமக்கு மூன்று நாளில் சரியாகிவிடும் சளி, அதை எதிர்க்கும் ஆற்றல் இல்லாத அந்த விலங்கின் நுரையீரலில் இறங்கினால் உயிரையே பறிக்கக்கூடும். அருகில் போகக் கூடாது, பத்து மீட்டராவது விலகி நிற்க வேண்டும் என்று விதி வைத்திருப்பது இதற்காகவும்தான்.

மறுநாள் காலை ரப்பர் தோட்டத்தைக் கடந்து செங்குத்தான ஏற்றத்தில் காட்டுக்குள் நுழைந்தோம். முதலில் எதிர்ப்பட்டவை தாமஸ் இலைக்குரங்குகள். நம் முண்டந்துறையில் நீ சிறுவயதில் பார்த்த கருமந்தியின் உறவினம்தான் என்றாலும், சாம்பல் முதுகும் வெள்ளை வயிறுமாக, உச்சந்தலையில் சீவி நிறுத்தியது போன்ற கொண்டையோடு இருந்தன. நண்பகலுக்குச் சற்று முன்னர் வழிகாட்டி கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார். மேலே, மிக உயரத்தில், செம்பட்டை நிறத்தில் ஒரு தாய் ஒராங்குட்டானும், அதன் விலாவைப் பற்றியபடி ஒரு குட்டியும் இருந்தன.

அடுத்த மரத்துக்குப் போகவேண்டிய இடத்தில் கிளைகளுக்கு நடுவே இடைவெளி அதிகமாக இருந்தது. தாய் எளிதாகத் தாவி எட்டிவிட்டாள். குட்டியால் முடியவில்லை, அது முனகியது. அவள் திரும்பி வந்து, ஒரு கையால் இந்தக் கிளையையும் மறு கையால் அந்தக் கிளையையும் பற்றித் தன் உடலையே பாலமாக்கி, குட்டி அவள் முதுகின்மேல் ஊர்ந்து கடந்து முடிக்கும்வரை அசையாமல் தொங்கினாள். இந்தக் குட்டிகள் ஏழெட்டு ஆண்டுகள் தாயை ஒட்டியே வாழ்கின்றன என்றும், எந்தப் பழம் எந்தக் காலத்தில் எங்கே பழுக்கும், ஒவ்வொரு மாலையும் கிளைகளை மடக்கிக் கூடு கட்டுவது எப்படி என்பவற்றையெல்லாம் அவளைப் பார்த்துப் பார்த்தே கற்கின்றன என்றும் வழிகாட்டி தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்கு நீ ரயிலேறிப் போன நாள் நினைவுக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் அருகில் போய்ப் படம் எடுத்து உனக்கு அனுப்பலாமே என்று தோன்றியது உண்மை. அவரிடம் கேட்டேன், தலையை அசைத்து மறுத்துவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து நாங்கள் கண்ட காட்சியைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். வேறொரு குழுவின் வழிகாட்டி பையிலிருந்து வாழைப்பழத்தை எடுத்து நீட்ட, இன்னொரு பெண் ஒராங்குட்டான் குட்டியோடு தரைக்கே இறங்கி வந்தது. புலி வாழும் காடு என்பதால் சுமத்ராவில் அவை தரையில் இறங்குவதே அரிது. அப்படிப்பட்டது நாலடி தூரத்தில் நின்று பழம் வாங்கித் தின்றது. பழம் தீர்ந்ததும் ஒரு பெண்ணின் தோள்பையைப் பற்றி இழுத்தது. அவர் அலறினார், மற்றவர்கள் படம் எடுத்தார்கள். எங்கள் வழிகாட்டி எங்களை வேகமாக வேறு தடத்துக்குத் திருப்பினார். தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அத்தனையையும் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்த அந்தக் குட்டியின் கண்கள்தான் இன்றைக்கும் என்னை வருத்துகின்றன. காட்டில் பழம் தேடக் கற்க வேண்டிய வயதில், மனிதரின் பையில் தேடுவதை அது கற்றுக்கொண்டிருந்தது.

இதற்குப் பின்னணியும் உண்டு. வீடுகளில் கூண்டில் வளர்க்கப்பட்ட ஒராங்குட்டான்களை மீட்டுக் காட்டுக்குப் பழக்குவதற்காக, 1973-இல் ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த இரண்டு பெண் விலங்கியலாளர்கள் அங்கே ஒரு மறுவாழ்வு மையம் தொடங்கினார்கள். மையம் புதிய விலங்குகளை ஏற்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் மனிதரிடம் அஞ்சாத அந்த விலங்குகளில் சிலவும் அவற்றின் பிள்ளைகளும் இன்னும் அந்தத் தடங்களில் இருக்கின்றன. பயணிகளுக்கு அருகிலிருந்து காட்டிவிடலாம் என்று அவற்றுக்கு உணவு நீட்டுகிறவர், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய உழைப்பைத் தலைகீழாக்குகிறார். மொத்தமே 14,000 அளவில்தான் சுமத்ரா ஒராங்குட்டான்கள் எஞ்சியிருப்பதாக 2016-இல் மதிப்பிட்டார்கள். ஒரு குட்டிக்கும் அடுத்த குட்டிக்கும் இடையே ஏழு முதல் ஒன்பது ஆண்டுகள் ஆகும் இனத்தில், ஒரு தாய் சளியால் இறந்தாலும் அந்த இழப்பு எளிதில் ஈடாகாது.

இரவுத் தங்கலைப் பற்றி நிலா கேட்டிருந்தாள். மூங்கில் கம்புகளின்மேல் தார்ப்பாய் விரித்த கொட்டகை, மெல்லிய பாய், கொசுவலை, அவ்வளவுதான். நிலநடுக்கோட்டுக்கு அருகில் என்பதால் ஆறரை மணியளவில் சூரியன் மறைந்ததும் இருள் விரைவாகக் கவிந்துவிட்டது. அதற்குள் வழிகாட்டியின் துணையாள் சோறும் காய்கறிக் குழம்பும் பொரித்த தெம்பேயும் (சோயாவைப் புளிக்கவைத்துச் செய்வது) சமைத்துவிட்டார். ஆற்றின் ஓசை இரவு முழுவதும் கேட்டது. கொட்டகையை நீரோரத்தில் போடாமல் மேட்டில் ஏன் போட்டீர்கள் என்று கேட்டேன். 2003 நவம்பர் 2-ஆம் நாள் இரவில் இதே பொஹோரோக் பெருக்கெடுத்து வந்து கீழேயுள்ள ஊரை அடித்துச் சென்றதையும், இருநூறுக்கு மேற்பட்டவர்கள் இறந்ததையும் அவர் சொன்னார். மேலே மலையில் மழை பெய்தால் இங்கே நீர் கலங்கும், கலங்கினால் உடனே எழுந்து ஏற வேண்டும் என்றார். அவர் இரண்டு முறை விளக்கோடு இறங்கிப்போய் நீரைப் பார்த்து வந்ததை நான் விழித்திருந்து கண்டேன். விடியலில் கிப்பன் என்னும் வாலில்லாக் குரங்குகள் பாடின. பெரியம்மா கண்ணீர் விட்டாள்.

ஆகவே முன்பதிவு செய்வதற்கு முன், வழிகாட்டியிடம் உரிமம் இருக்கிறதா என்று பார்ப்பதோடு நிறுத்தாதே. ஒராங்குட்டானை எவ்வளவு அருகில் காட்டுவீர்கள் என்று கேள். மிக அருகில், தொடும் தூரத்தில் என்று மகிழ்ச்சியோடு சொல்கிறவரை விட்டுவிடு. விலை குறைவாக இருந்தாலும் வேண்டாம். எதுவும் தென்படாமலும் போகலாம் என்று சொல்கிறவரோடு போங்கள். புறப்படும் வாரத்தில் உங்கள் இருவரில் ஒருவருக்குத் தொண்டை கரகரத்தாலும் ஊரிலேயே ஆற்றங்கரையில் தங்கிவிட்டுத் திரும்புங்கள். இதில் மட்டும் அம்மா சொல்வதைத் தட்டாதே.

அங்கே அட்டைகள் ஏராளம். முழங்கால்வரை ஏறும் துணிக் காலுறைகள் இரண்டு இணை தைத்து, நேற்று தபாலில் அனுப்பியிருக்கிறேன். நிலாவின் கால் அளவு சரியாகத் தெரியாததால் அவளுடையதைச் சற்றுப் பெரிதாகவே வைத்து, மேலே நாடா கோத்திருக்கிறேன். இறுக்கிக் கட்டிக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
அம்மா