பதினோராவது துணிப்பை

ஆசிரியர் அவர்களுக்கு,

பசுமைப் பொருள் வாங்குங்கள் என்கிறார்கள், சரி. ஆனால் வீட்டில் ஏற்கெனவே பத்துத் துணிப்பை மடித்துக் கிடக்கும்போது, 'சுற்றுச்சூழலுக்கு உகந்தது' என்று அச்சிட்டிருக்கிறதே என்று பதினோராவதை வாங்குவது (நானும் வாங்கியவன்தான்) எந்தக் கணக்கில் சேரும்? பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரே தடவை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பமாதலில் பருத்திப்பை மேலாக வேண்டுமானால் அதை 131 தடவையாவது பயன்படுத்த வேண்டும். பருத்தி விளைவித்து, நூற்று, நெய்ய அவ்வளவு ஆற்றல் செலவாகிறது.

அப்புறம் அந்த 'கார்பன் சமநிலை' முத்திரை, அதாவது பொருளைச் செய்ததில் வெளிவந்த கரிமப் புகைக்கு ஈடுகட்டிவிட்டோம் என்பது! பல சமயம் ஆலையில் புகை குறைந்திருக்காது, எங்கோ மரம் நட்டதாகக் கணக்குக் காட்டியிருப்பார்கள். இப்படி ஈடுகட்டலை வைத்துப் பொருளுக்குப் பட்டம் சூட்டுவதைத் தடுக்க ஐரோப்பிய ஒன்றியம் 2024-இல் சட்டம் போட்டது. இந்த முத்திரைகளை எப்படிப் படிப்பது என்று ஒரு கட்டுரை போடுங்களேன்.

— ஒரு வாசகர்