மீன் வளர்ப்போர் சங்கம், மட்டக்களப்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கியையும் அவரே சொல்லட்டும், நான் சொன்னால் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

கூட்டங்களில் அதிக நேரத்தைத் தின்றது ஒரே கேள்விதான்: செடி வைத்த தொட்டியில் ஆபிரிக்க சிக்லிட் என்ற அலங்கார மீன் இனத்தை விடலாமா? விடலாம். ஆனால் நிறத்தைப் பார்த்து வாங்கக் கூடாது, எந்தத் தண்ணீர் மீன் என்று பார்த்து வாங்க வேண்டும்.

ஆபிரிக்காவின் மலாவி ஏரி மீன்களுக்குக் கடினத் தண்ணீர், அதாவது சுண்ணாம்பு போன்ற உப்புகள் கூடிய தண்ணீர் வேண்டும், பி.எச். (அமில, கார அளவு) 7.8க்குக் குறையாமல். அதில் ம்புனா வகைகள் பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்று பழகியவை. நம் தொட்டியின் இளங்கொழுந்தை மட்டும் விட்டுவைக்குமா? கல்லடியில் ஓர் அங்கத்தவர் வீட்டில் பார்த்தோம். முதல் நாள் நட்ட வலிஸ்நேரியாச் செடி விடியும்போது வேரோடு மிதந்தது. ஓராட்டஸ் என்ற ம்புனா வகையின் ஆண் ஒன்று மணலைத் தோண்டிக் கண்ணாடி ஓரம் குவித்துவிட்டுக் குழிக்குள் நின்றது. மற்றவை எல்லாம் ஃபில்டருக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டன. 3 அடித் தொட்டிக்கு ஓராட்டஸ் வேண்டவே வேண்டாம்.

மலாவி மீன்தான் ஆசை என்றால் யெல்லோ லாப் வாங்குங்கள். அந்தக் கூட்டத்தில் சாது அதுதான். கூடவே அனுபியாஸ், ஜாவா ஃபேர்ன் போன்ற தடித்த இலைச் செடிகளைக் கல்லில் நூலால் கட்டிவிடலாம். மீன் எவ்வளவு தோண்டினாலும் அவை அசையாது. அனுபியாஸின் கிடைத்தண்டை மட்டும் மணலில் புதைக்காதீர்கள், அழுகிவிடும். பி.எச். கூட்டுவதற்காக கடலில் முருகைக்கல் (பவளப்பாறைக் கல்) எடுத்து வருவோருக்கும் ஒரு சொல்: அது சட்டப்படி தடை. சிப்பி ஓட்டை நொறுக்கிப் போட்டாலே போதும்.

சின்னத் தொட்டிக்காரருக்கு ஆபிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியின் மல்டி என்ற சிறிய சிக்லிட் நல்லது. 5 சென்ரிமீற்றரைத் தாண்டாது, குடியிருப்பது வெறும் நத்தை ஓட்டில். வயல் நத்தை ஓட்டை அவித்துக் கழுவிப் போட்டால் சரி. மணலைக் கிண்டும், செடியைத் தின்னாது. இதற்கும் கடினத் தண்ணீர்தான்.

தொட்டி நிறையப் பச்சை வேண்டுமா? ஏரியை விட்டு ஆற்றுக்கு வாருங்கள். நைஜீரியா, கமரூன் பக்கத்துக் கிரிபென்சிஸ் மென்மையான, அதாவது உப்புகள் குறைந்த தண்ணீர் மீன். நம் நாட்டுக் கிரிப்டோகோரைன் செடியும் அதோடு ஒத்துப்போகும். ஒரு சோடி போதும். சிரட்டையில் வாசல் வெட்டிக் கவிழ்த்து வைத்தால், பெட்டைக்கு வயிறு நாவற்பழ நிறமாகி உள்ளே போய் முட்டையிடும். குஞ்சு பொரித்த பிறகு இரண்டும் சேர்ந்து காவல் காக்கும். அப்போது அடியில் வாழும் கோரிடோராஸ் மீனின் பாடு திண்டாட்டம், ஆகவே கூட வைக்க வேண்டாம். மலாவி மீனையும் கிரிபென்சிஸையும் ஒரே தொட்டியில் விட யாராவது கேட்டால் பதில் ஒன்றுதான், கூடாது.

குளத்தில் பிடித்த திலாப்பியாக் குஞ்சைத் தொட்டியில் விட்டவருக்கு: அதுவும் ஆபிரிக்க சிக்லிட்தான், 1952இல் இலங்கைக்கு வந்தது. அது கறிக்கு.

கச்சான் எனும் வெப்பமான தென்மேற்குக் காற்றுக் காலத்தில் தண்ணீர் சூடேறி ஒட்சிசன் குறைகிறது. மூடியைத் திறந்து மேற்பரப்பில் ஃபேன் காற்றுப் படவிடுங்கள், மின்வெட்டுக்கு பற்றரியில் ஓடும் காற்று மோட்டார் வைத்திருங்கள். அப்புறம், வேண்டாத மீனை வாவியில் விடாமல் சங்கத்துக்குக் கொண்டு வாருங்கள்.

உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீரும் வாவிக்கரைக் கிணற்றுத் தண்ணீரும் ஒன்றல்ல. அளக்காமல் மீன் வாங்காதீர்கள். பி.எச்., கடினத்தன்மை பார்க்கும் கிட் ஒன்றைச் சங்கம் வாங்கி வீடு வீடாகச் சுற்றவிட வேண்டும் என்று பிரேரிக்கிறேன். ஆமோதிப்பவர் கையை உயர்த்துங்கள், பணத்துக்குப் பொருளாளரைப் பாருங்கள்.

செயலாளர்