அசாகுசா படத்தில் எது பழையது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஜப்பான் பற்றிய உங்கள் ஞாயிறு கட்டுரையோடு டோக்கியோவின் அசாகுசா படம் வந்திருந்தது. முன்னால் சென்சோ-ஜி கோயில், பின்னால் ஸ்கைட்ரீ கோபுரம். கீழே ‘பழமையும் புதுமையும் அருகருகே’ என்று போட்டிருந்தீர்கள். நான் 30 வருடம் சைட் இன்ஜினியராக இருந்தவன். மகள் வீட்டில் தங்கியிருந்த 3 மாதத்தில் அந்த இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போனேன். அதனால்தான் எழுதுகிறேன்.

கோயிலின் கதை 628-இல் தொடங்குகிறது. சுமிதா ஆற்றில் மீன்பிடித்த அண்ணன் தம்பி வலையில் கன்னோன் என்ற பௌத்தக் கருணைத் தெய்வத்தின் சிலை சிக்கியதாம். ஆனால் படத்தில் இருக்கும் பெரிய மண்டபம் 1958-இல் எழுப்பிய கான்கிரீட் கட்டடம். முந்தைய மர மண்டபம் 1945 மார்ச் விமானத் தாக்குதலில் எரிந்துபோனது. கூரை அதைவிடப் புதுசு. 2010-இல் வேய்ந்து முடித்த டைட்டானியம் ஓடு அது. நிலநடுக்கத்தில் மண் ஓடு சரிந்து, கும்பிட வந்தவர்கள் மேல் விழக்கூடாது என்றுதான் மாற்றியிருக்கிறார்கள். எடையும் எவ்வளவோ குறைவு. கீழே நின்று பார்த்தால் மண் ஓடாகவே தெரியும். மகள் சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

சரி, பின்னால் நிற்கும் கோபுரம்? 2012-இல் திறந்தது, உயரம் 634 மீட்டர். ஆறு, மூன்று, நான்கை ஜப்பானியர் மு, ச, ஷி என்று வாசிக்கலாம். முசாஷி என்பது அந்தப் பகுதியின் பழைய பெயர். எனக்குப் பிடித்தது உள்ளே இருப்பதுதான். நடுவில் 8 மீட்டர் விட்டத்தில், 375 மீட்டர் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் தூண். அதன் அடிப்பகுதி வெளிச்சட்டத்தோடு பிணைந்திருக்கிறது. மேற்பகுதியைத் தனியாக விட்டு, இடையில் எண்ணெய் டாம்பர்களை, அதாவது அதிர்வை உள்வாங்கும் கருவிகளை, மட்டும் வைத்திருக்கிறார்கள். நிலம் ஆடினால் சட்டம் ஒரு விதமாகவும் தூண் வேறு விதமாகவும் அசையும். அதில் மொத்த ஆட்டமும் தணியும். அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் ‘ஷின்பாஷிரா’. ஐந்தடுக்கு மரக் கோபுரங்களின் நடுத்தூணுக்குத் தச்சர்கள் வழங்கிவந்த பெயர் அது. நாரா பகுதியில் உள்ள ஹோர்யு-ஜி கோபுரத்தின் நடுவே அப்படியொரு தூண் 1300 வருடமாக நிற்கிறது.

அப்படியானால் அந்தப் படத்தில் பழையது எது, புதியது எது? ‘அருகருகே’ என்ற சொல் இங்கே பொருந்தவில்லை. ஒன்றுக்குள் ஒன்று இருக்கிறது.

அப்புறம் ஒரு வேண்டுகோள். ஜப்பானின் இசே என்ற ஷின்டோ கோயிலை 20 வருடத்துக்கு ஒருமுறை, பக்கத்து மனையில், அதே அளவில் புதிதாகக் கட்டுகிறார்கள். கடைசியாக 2013-இல் நடந்தது. 2033-க்கான சடங்குகள் 2025-லேயே தொடங்கிவிட்டன. ஒருமுறை உதவியாளாக இருந்த தச்சர் அடுத்த முறை கற்றுக்கொடுக்கும் இடத்தில் இருப்பார். அந்தத் தச்சர்களைப் பற்றி ஒரு முழுப் பக்கம் எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சைட் இன்ஜினியர் ஒருவர்