நகீப் மஹ்ஃபூஸுக்குக் காலம் கடந்து ஒரு கடிதம்

அன்புள்ள நகீப் மஹ்ஃபூஸ் ஐயா,

இன்று ஆகஸ்ட் 30. 2006இல் நீங்கள் மறைந்த இந்த நாளில் ஆண்டுதோறும் உங்கள் நூல் ஒன்றை எடுத்துப் படிப்பேன். இம்முறை கடிதம் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஓர் எகிப்திய நாவலாசிரியராக நீங்கள் பெற்ற நோபல் பரிசைப் பற்றி உங்களிடமே பேசுவானேன்?

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கூட்டத்தில் உங்களைக் கோழை என்றேன். 1959இல் அல்-அஹ்ராம் நாளிதழில் தொடராக வந்து, மதத்தை இழிவுபடுத்துகிறது என்ற எதிர்ப்பைச் சந்தித்த ‘அவ்லாத் ஹாரத்தினா’ (நம் தெருவின் பிள்ளைகள்) நாவலை எகிப்தில் நூலாக்குவதில்லை என்று அதிபர் நாசரின் பிரதிநிதிக்கு நீங்கள் கொடுத்த வாக்கைத்தான் அப்படிச் சொன்னேன். கைதட்டினார்கள்.

1994 அக்டோபர் 14ஐ அன்று நான் நினைத்துப் பார்க்கவில்லை. வீட்டு வாசலில் நண்பரின் காரில் அமர்ந்திருந்த 82 வயதுப் பெரியவர், நெருங்கி வந்த இளைஞனை வாசகன் என்று எண்ணிக் கைகொடுக்க முயல, கழுத்தில் கத்தி இறங்கியது. அந்த நாவலை அவன் படித்ததே இல்லை. நரம்பு கெட்டு வலக்கை விளங்காமற்போன பின், பள்ளிப் பிள்ளையைப் போல நோட்டில் உங்கள் பெயரையே திரும்பத் திரும்ப எழுதிப் பழகினீர்கள். வலமிருந்து இடமாக நடுங்கிக்கொண்டே நகரும் அந்தக் கை என் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. மன்னித்துவிடுங்கள் ஐயா.

ஆனால் முழு மனதோடு மன்னிப்புக் கேட்கவும் முடியவில்லை. நாவல் முடக்கப்பட்ட அதே காலத்தில் கலைத் தணிக்கைத் துறையின் இயக்குநராக இருந்தவரும் நீங்கள்தானே? கத்திக்குத்துக்குப் பிறகு ஒரு செய்தித்தாள் அந்த நாவலை அச்சிட்டபோது அதையும் எதிர்த்தீர்கள். உங்களுக்காகப் பேச வந்தவர்களை ஏன் வாசலிலேயே நிறுத்தினீர்கள்? என்னைப் போன்றவர்கள் ஒளிந்துகொள்ள உங்கள் பெயர் வசதியாகப் போயிற்று.

எனக்கும் ஒரு கதை இருந்தது. அது எந்தக் கதை, வீடு தேடி வந்தவர்கள் யார் என்பதை இங்கே எழுதமாட்டேன். அவர்களும் இதைப் படிப்பார்கள், என் பிள்ளைகள் அதே தெருவில்தான் நடக்கிறார்கள். வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்து, கதையைத் திரும்பப் பெறுவதாக ஒப்புக்கொண்டேன். மஹ்ஃபூஸே இதைத்தான் செய்தார் என்று அன்றிரவு மனைவியிடம் சொல்லித் தேற்றிக்கொண்டேன். நீங்களோ 1961இலேயே ‘திருடனும் நாய்களும்’ நாவலைத் தந்துவிட்டீர்கள். நான் அதன்பிறகு ஒரு கதையும் எழுதவில்லை.

பழைய கையெழுத்துப் பிரதியைப் போன வாரம் பரணிலிருந்து இறக்கினேன். இரண்டு பக்கங்களைச் செல்லரித்திருக்கிறது. அவற்றைத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். முடிந்ததும் இதழுக்கு அனுப்புவதாக மனைவியிடம் சொல்லிவிட்டேன்.