சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை என்றாயே, தோழி

அன்புத் தோழிக்கு,

போன வாரம் பேச்சோடு பேச்சாக ஒன்று சொன்னாய்: "ஐம்பது வயதாகிறது, திரும்பிப் பார்த்தால் சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை." உடனே என் மகனின் படிப்பைப் பற்றி விசாரிக்கத் தொடங்கிவிட்டாய். அந்தச் சொல் என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. உன்னைப் போல நினைத்துக்கொண்டிருக்கும் வேறு சிலரும் படிக்கட்டும் என்றுதான் பதிலை எல்லோரும் பார்க்கும்படி எழுதுகிறேன். உன் பெயரைச் சொல்ல மாட்டேன், பயப்படாதே.

உனக்கு வேலையும் குடும்பமும் வருவதற்கு வெகு காலம் முன்பே உன்னை அறிந்தவள் நான். உன்னைப் பற்றிச் சாட்சி சொல்ல என்னைவிடத் தகுதியானவர்கள் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள்.

இரண்டாம் வகுப்பில் நான் காய்ச்சலில் கிடந்தபோது, நீ தினமும் பாடத்தை இரண்டு நோட்டில் எழுதினாய். ஒன்று உனக்கு, ஒன்று எனக்கு. யாரும் உன்னிடம் எழுதச் சொல்லவில்லை. ஏன் எழுதுகிறாய் என்று ஆசிரியை கேட்டதற்கு, "அவள் வந்து பார்த்தால் அழுவாள்" என்றாயாம். ஏழு வயதுக் குழந்தை ஒருத்தி, இன்னொருத்தி நாளைக்கு அழப்போகும் அழுகையை இன்றே யோசித்திருக்கிறாள். எனக்குத் தெரிந்து இதைவிடப் பெரிய கல்வி கிடையாது.

பெற்றவர்களின் அன்பு நாம் கேட்காமலே கிடைத்தது. உடன்பிறந்தவர்களையும் நாம் தேர்ந்தெடுக்கவில்லை. எந்த உறவும் கடமையும் இல்லாத ஒருத்தியின்மேல் முதன்முதலாக அன்பு வைக்கப் பழகுவது சிறுவயது நட்பில்தான். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ழான் பியாஜே 1932-இலேயே இதற்கு நெருக்கமான ஒன்றை எழுதினார். பெரியவர்களிடம் குழந்தை கீழ்ப்படியக் கற்கிறது; சம வயதினரோடு பழகும்போதுதான் விட்டுக்கொடுக்கவும் நியாயம் பேசவும் கற்கிறது என்பது அவர் கருத்து. நம் சண்டைகளை நினைத்துப் பார். தீர்ப்புச் சொல்ல யாரும் வரவில்லை. பேசாமல் இருப்பதன் கனத்தை இரண்டு பேருமே தாங்க முடியாமல், யாராவது ஒருத்தி பேச்சை எடுத்தாக வேண்டியிருந்தது. பெரும்பாலும் நீதான் எடுத்தாய்.

கான்சஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், பெரியவர்களிடம் நட்பு எப்படி வளர்கிறது என்று ஆராய்ந்து 2018-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். புதிதாக அறிமுகமான ஒருவர் நெருங்கிய நண்பராவதற்கு இருவரும் 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து கழிக்க வேண்டியிருக்கிறது என்று அவர் கண்டார். வேலைக்குப் போகும் வயதில் அந்த நேரத்தைத் திரட்டப் பல மாதங்கள் பிடிக்கும். ஒரே பெஞ்சில் நாளுக்கு ஐந்து மணி நேரம் உட்கார்ந்த நமக்கோ எட்டு வாரம் போதுமானதாக இருந்திருக்கும். அந்த மணிகளை யாரும் எண்ணவில்லை, எதையும் எதிர்பார்த்துச் செலவிடவும் இல்லை. பிற்காலத்தில் அப்படி ஒரு தாராளம் நமக்கு வாய்ப்பதே இல்லை.

உன் வயதைச் சொன்னாய் அல்லவா, அதற்கு வருகிறேன். ஹார்வர்டில் 1938-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. 268 கல்லூரி மாணவர்களையும், பாஸ்டனின் ஏழ்மையான பகுதிகளில் வளர்ந்த 456 சிறுவர்களையும் முதுமை வரை பின்தொடர்ந்த ஆய்வு அது. (முதலில் எல்லோரும் ஆண்கள், மனைவியரையும் பிள்ளைகளையும் பின்னர்தான் சேர்த்தார்கள்.) எண்பது வயதில் யார் நலமாக இருப்பார் என்பதை ஐம்பது வயதில் இருந்த ரத்தக் கொழுப்பு (கொலஸ்ட்ரால்) அளவைவிட, அந்த வயதில் தன் உறவுகளில் அவருக்கு இருந்த நிறைவே நன்றாகக் காட்டியது என்றார் அதன் இயக்குநர் ராபர்ட் வால்டிங்கர். ஐம்பதில் ஒருவரிடம் கேட்க வேண்டிய கேள்வி எது என்று எனக்கு இதைப் படித்தபோதுதான் தெளிவானது.

அந்தக் கேள்விக்கு உன்னிடம் என்ன பதில் இருக்கிறது என்று நான் சொல்கிறேன். நினைவு தப்பிய மாமியார் உன்னை யாரென்று தெரியாமல் திட்டியபோதும், பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் தலையைக் கோதிக்கொண்டிருந்தாய். தங்கையின் படிப்பை நிறுத்தப் பார்த்தபோது வீட்டில் அத்தனை பேரையும் எதிர்த்து நின்றாய். இன்று அவள் சொந்தக் காலில் நிற்கிறாள். என் அப்பா இறந்த அன்று இரவு பஸ்ஸில் வந்து இறங்கினாய். ஆறுதல் வார்த்தை ஒன்றுகூடச் சொல்லவில்லை. வந்தவர்களை உட்காரவைத்தாய், யார் யாருக்குத் தகவல் போகவில்லை என்று பார்த்துச் சொல்லி அனுப்பினாய், நான் தூங்கும்வரை விழித்திருந்தாய். இவை எதற்கும் சான்றிதழ் தர மாட்டார்கள். அதனால் இவை நடக்கவில்லை என்று ஆகிவிடுமா?

எனக்கு உன்மேல் ஒரே ஒரு வருத்தம் உண்டு. கொடுக்கத் தெரிந்த அளவுக்கு வாங்கிக்கொள்ள உனக்குத் தெரியவில்லை. அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் என்னிடம் சொன்னாய். "உனக்கு எதற்குத் தொந்தரவு" என்றாய். சிறுமியாக இருந்தபோது நீ இப்படி இல்லை. மழை பெய்தால் உரிமையோடு என் குடைக்குள் நுழைவாய், பென்சில் இல்லையென்றால் என் பெட்டியைத் திறந்து எடுத்துக்கொள்வாய். அந்த உரிமை எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? நம்மிடம் ஒருவர் உரிமையோடு கேட்பதுகூட அவர் நமக்குத் தரும் அன்புதான். அதை எனக்குத் தராமல் இருக்காதே.

அடுத்த மாதப் பரிசோதனைக்கு நானும் உன்னோடு வருகிறேன். தேதியை மட்டும் சொல், விடுப்பு எடுக்க வேண்டும்.

அன்புடன்,
உன் பெஞ்சுக்காரி