ஜப்பானுக்கு மருத்துவக் கருவி அனுப்புவோருக்கு ஒரு திறந்த மடல்

ரெகுலேட்டரி பிரிவு நண்பர்களுக்கு, வணக்கம்.

அனுமதி விண்ணப்ப ஃபைல் முழுக்கத் தயாரான பிறகு, கெடுவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, "இதை அப்படியே ஜப்பானிய மொழியில் போட்டுக் கொடுங்க" என்று மொழிபெயர்ப்பாளர்களான எங்களுக்கு மெயில் அனுப்புகிறீர்கள். சரி, போட்டுத் தரலாம். ஆனால் அது அங்கே செல்லுபடியாக வேண்டுமே?

விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டரையே எடுத்துக்கொள்வோம். ஆபத்தின் அளவைப் பார்த்துக் கருவிகளை வகுப்பு பிரிக்கும் ஜப்பானில் அது இரண்டாம் வகுப்புக் கருவி. அரசு வகுத்த சான்றளிப்புத் தரநிலைக்குள் அடங்கினால், பதிவு பெற்ற சான்றளிப்பு நிறுவனமே 'நின்ஷோ' என்னும் சான்றைக் கொடுத்துவிடும். அடங்காவிட்டால், மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் ஆராயும் அரசு அமைப்பான பி.எம்.டி.ஏ.வின் பரிசீலனைக்குப் போய் 'ஷோனின்' என்னும் ஒப்புதல் வாங்க வேண்டும். செலவும் காலமும் வேறு கணக்கு. எந்த வழி என்பதில் கருவியின் தொழில்நுட்பத்துக்கு எவ்வளவு பங்கோ, பயன்பாட்டு நோக்கம் என்று நீங்கள் எழுதும் இரண்டு வரிக்கும் அவ்வளவு பங்கு உண்டு. விற்பனைப் பிரிவினர் ஆசைப்பட்டு, தூக்கத்தில் மூச்சு நிற்பதைக் கண்டறிய உதவும் என்று ஒரு வரி நுழைத்திருப்பார்கள். உள்ளபடி மொழிபெயர்த்தால் கருவி அந்தத் தரநிலைக்கு வெளியே போய்விடலாம். வெட்டிவிடவோ எனக்கு அதிகாரம் இல்லை. முடிவெடுக்க வேண்டியவர்கள், எம்.ஏ.எச். என்று நீங்கள் சொல்லும், கருவியை அங்கே விற்கும் பொறுப்பை ஏற்கும் ஜப்பானிய நிறுவனத்தார். அவர்களிடம் நான் நேரடியாகக் கேட்க வழி செய்யுங்கள். இப்போதெல்லாம் என் கேள்வி மூன்று கை மாறிப் போய், பதில் வருவதற்குள் ஃபைல் போய்விடுகிறது.

அப்புறம், கருவியைப் பயன்படுத்துவோருக்கான தெம்பு புன்ஷோ என்னும் குறிப்புத்தாள். அதன் வரிசையை அவர்களே வகுத்திருக்கிறார்கள்: முதலில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை, அடுத்து செய்யக்கூடாதவை, பிறகு கருவியின் அமைப்பு, அதற்கும் பிறகுதான் பயன்பாட்டு நோக்கம். உங்கள் ஆங்கிலக் கையேட்டிலோ எச்சரிக்கைகள் பக்கத்துக்குப் பக்கம் இறைந்து கிடக்கின்றன. எது சிவப்புக் கட்டத்துக்குள் போக வேண்டும், எது வெறும் கவனக்குறிப்பு என்று பிரிப்பதை எங்கள் தலையில் கட்டாதீர்கள். ரிஸ்க் மேனேஜ்மென்ட் ஃபைலைப் படித்தவர் செய்ய வேண்டிய வேலை அது. அந்த ஃபைலை நாங்கள் கண்ணால் பார்த்ததுகூட இல்லை!

2021 ஆகஸ்டிலிருந்து, மருத்துவமனைகளுக்குப் போகும் கருவிகளின் பெட்டிக்குள் இந்தக் குறிப்புத்தாளை வைக்கும் வழக்கத்தை ஜப்பான் கைவிட்டு வந்திருக்கிறது. பார்கோடை ஸ்கேன் செய்து பி.எம்.டி.ஏ. தளத்தில் படித்துக்கொள்கிறார்கள். பழைய கையேட்டைத் தூசி தட்டி அனுப்பும்போது, 'உள்ளே இருக்கும் தாளைப் பார்க்கவும்' என்ற வரியையாவது எடுத்துவிடுங்கள்.

கருவிகளுக்கென்று அங்கே நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுப்பெயர்கள் பட்டியலில் உள்ளன; ஒவ்வொன்றுக்கும் வரையறையும் வகுப்பும் உண்டு. உங்கள் கருவி எந்தப் பெயரின் கீழ் வருகிறது என்பதையும், முன்பு அனுமதி பெற்ற ஜப்பானிய ஆவணம் இருந்தால் அதையும் முதல் நாளே அனுப்புங்கள். பயன்பாட்டு நோக்கத்தின் வரைவை, நீங்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே எங்கள் கண்ணில் காட்டுங்கள். சொல்லுக்கு எவ்வளவு கூலி என்பதை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு ஜப்பானிய மொழிபெயர்ப்பாளர்