ஒரே அக்கவுன்ட், வீடு முழுக்க வேடிக்கை

அன்புள்ள ஆசிரியருக்கு வணக்கம்,

எங்க வீட்டுல ஆன்லைன் ஷாப்பிங்குக்கு ஒரே அக்கவுன்ட்தான், என் பேர்ல. வீட்டுக்காரர் போன், பையன் போன், பொண்ணு லேப்டாப் எல்லாத்துலயும் அதுதான் லாகின் ஆகி கிடக்கும். மெம்பர்ஷிப் ஒண்ணு கட்டினா போதுமே, ஆளுக்கு ஒண்ணு எதுக்குன்னு அப்படியே விட்டாச்சு. போன மாசம் பையன் ஹெட்போன் பாக்கறேன்னு ஆப்பை திறந்திருக்கான், முதல் ஸ்கிரீன்லயே "மறுபடி வாங்க"ன்னு நான் எனக்காக வாங்கின பேட் பாக்கெட், தும்மினா இருமினா சிறுநீர் கசியுதுன்னு வாங்கறது, போட்டோவோட நிக்குது. அவன் ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தாகூட தேவலாம், ரெண்டு நாள் என் முகத்தை பாக்காமலே சுத்தினான், அதுதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு.

சரி அந்த ஆர்டரை அழிச்சிடலாம்னு உக்காந்தேன். அழிக்கவே வழி இல்ல! கேட்டா ஆர்க்கைவ் பண்ணுங்கன்றாங்க. அதுவும் மேல் லிஸ்ட்ல இருந்து எடுத்து இன்னொரு லிஸ்ட்ல போடறதுதான், அலமாரில இருந்து பரண்ல தூக்கி வெக்கற மாதிரி, அதே லாகின்ல இருக்கற யார் வேணா ஏறி பாக்கலாம். அதோட முடிஞ்சுதான்னு பாத்தா தேடினது தனியா சேந்து கிடக்கு, எட்டிப் பாத்த பொருள் தனியா சேந்து கிடக்கு, இதையெல்லாம் வெச்சு "உங்களுக்காக"ன்னு வேற ஒரு வரிசை. ஒவ்வொண்ணையும் தனித்தனியா போய் அழிக்கணும். லேப்டாப்ல வேற ஏதோ சைட்ல செய்தி படிச்சா ஓரத்துல அதே பேட் விளம்பரம் வருது, அது நாம எங்க போனோம்னு பிரவுசர்ல குறிச்சு வெக்கற குக்கின்ற சின்ன பைல் வேலையாம், அதை தனியா கிளியர் பண்ணணும். பேசற ஸ்பீக்கர் வெச்சிருக்கறவங்க இன்னும் உஷாரா இருக்கணும், பார்சல் வந்தா பொருளோட பேரையே சத்தமா சொல்ற மாதிரி அதுல ஒரு செட்டிங் இருக்கு, போய் ஆஃப் பண்ணிடுங்க. இதுல வேடிக்கை என்னன்னா பேங்க் ஸ்டேட்மென்ட்ல கடை பேரும் தொகையும் மட்டும்தான் வருது. ஆப்பை விட பேங்குக்கு நாகரிகம் ஜாஸ்தி.

இது நேத்து முளைச்ச பிரச்சினையும் இல்ல. 2007 நவம்பர்ல பேஸ்புக் பீக்கன்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க, அவங்களோட கூட்டு சேந்த வெளி சைட்ல எதாவது வாங்கினா நம்ம பேர் போட்டு நண்பர்களுக்கு காட்டிடும். அமெரிக்காவுல ஒருத்தர் மனைவிக்கு தெரியாம மோதிரம் வாங்கி அசத்தலாம்னு பாத்தா, மனைவி உட்பட எல்லாருக்கும் அது போய் சேந்துடுச்சு. கோர்ட்டு கேஸுன்னு ஆகி 2009ல பீக்கனை மூடினாங்க, 95 லட்சம் டாலருக்கு செட்டில்மென்ட். ஊருக்கு காட்டினதுக்கு அவ்ளோ பெரிய சண்டை, அதையே வீட்டுக்குள்ள காட்டினா யாரும் கண்டுக்கறதில்ல.

எங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னா, "வீட்டுக்குள்ள என்ன ரகசியம் வேண்டிக்கிடக்கு"ன்றார். வீட்டுக்கு தெரியாம கடன் வாங்கி செலவு பண்ணிட்டு மறைக்கறது வேற, அதை நானும் ஒத்துக்க மாட்டேன். உடம்புக்கு வாங்கறதும் பரிசுக்கு வாங்கறதும் அந்த கணக்குலயா வரும்? பொண்ணு பருவுக்கு கிரீம் வாங்கினதை பையன் பாத்து கிண்டல் பண்ணி அவ அழுதப்போ நானே "விடுடி"ன்னு சொன்னவதான், இப்போ உறைக்குது.

ஆளுக்கு ஒரு அக்கவுன்ட்தான் உருப்படியான வழி. சில கம்பெனில தனித்தனி அக்கவுன்ட் வெச்சுக்கிட்டே ஒரு மெம்பர்ஷிப்பை குடும்பமா ஷேர் பண்ணிக்கலாம், ஆர்டர் லிஸ்ட் கலக்காது, ஆனா கார்டு ஷேர் ஆகுதான்னு செட் பண்ணும்போதே பாத்துக்கணும். பழைய போன்ல எல்லாம் லாக்அவுட் பண்ணி பாஸ்வேர்டையும் மாத்தணும். இதெல்லாம் நாம பண்ணிக்கறது. கம்பெனிக்காரங்க பணம் கட்டற பக்கத்துல "இதை எங்கயும் காட்டாதே"ன்னு ஒரே ஒரு டிக் வெச்சா என்ன? "கிஃப்டா அனுப்பணுமா"ன்னு டிக் கேக்க தெரியுதுல்ல.

நான் வேற நம்பர்ல புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுட்டேன். பழையதுல அந்த பேட் ஆர்டர் இன்னும் பரண்லதான் கிடக்கு, பையன் ஹெட்போனை ரிட்டர்ன் பண்ணணும்னு நோண்டிக்கிட்டு இருக்கான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி